நாகருக்கு ஊற்றிய தண்ணீர்

இமயத்தின் தௌலாதார் மலைத்தொடரில், உச்சிக்குச் சற்றுக் கீழே, பனியாறு குடைந்துவிட்டுப் போன குழிதான் எங்கள் ஏரி. அதில் மீன் கிடையாது. பனி உருகியதும் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். ஆடு மேய்க்கும் எங்களுக்கு அதுதான் கோடை.

மூன்று வருஷத்துக்கு முன் என் மைத்துனன் புன்னு ஒரு பால் கேனை என் முதுகில் ஏற்றினான்.

"ஏரியில இருக்குற நாகர் சாமிக்கு அக்கா நேர்ந்துக்கிட்ட ஆத்துத்தண்ணி மாமா. எனக்கு முட்டி வலி, சும்மா கூட வர்றேன், நீங்களே சுமந்து ஊத்திடுங்க. ஊத்துறப்போ கண்ணைத் திறக்கக் கூடாது."

செருப்பைக் கழற்றி, கண்ணை இறுக மூடி, என் மனைவி பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டே ஊற்றினேன். இறங்கும்போது அவன் எனக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனது எனக்கு உறைக்கவில்லை.

நடுவில் இரண்டு கோடை வேறு மேய்ச்சலுக்குப் போய்விட்டு, இந்த வருஷம் மந்தையோடு ஏறினால் கரை ஊமையாகக் கிடந்தது. ஓரத்தில் கறுப்பாக மொய்க்கும் தலைப்பிரட்டைகள் ஒன்றுகூட இல்லை. பூச்சி தேடி வரும் வாலாட்டிக் குருவிகளும் இல்லை. மறுகரையில் கூடாரம் போட்டு, தூண்டிலோடு வந்த நகரத்து ஆட்களுக்குப் புன்னு மீன் வறுத்துக்கொண்டிருந்தான்.

"இங்க மீன் எப்படிடா வந்துச்சு?"

"நீங்கதானே மாமா சுமந்துட்டு வந்தீங்க. குஞ்சா இருந்துச்சு." தட்டை நீட்டினான். "கண்ணை மூடச் சொன்ன யோசனை மட்டும் அக்காவோடது."