ஞானதிரவியம், ஏழு பி

செவ்வாய்க்கிழமை காலை பள்ளித் திரையில் ஓவிய ஆசிரியர் ஞானதிரவியத்தின் பெயர் வந்தது. மேலே ஒரு மயில். கீழே ‘ஞானதிரவியம், ஏழு பி’ என்று இருந்தது. பன்னிரண்டு விநாடி நின்றுவிட்டு அடுத்த படத்துக்கு மாறியது. அன்று முதல் அவர் ஏழு பி மாணவர்.

அந்தத் திரை தலைமையாசிரியை அறைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவே தாழ்வாரச் சுவரில் புதிதாக மாட்டியது. பிள்ளைகள் வரையும் படங்களைக் கணினி அறையில் கொடுத்தால் அதில் வரும். கீழே வரைந்தவரின் பெயரும் வகுப்பும் வரும். பெயரை யாரும் தட்டச்சு செய்வதில்லை. திரையே போட்டுக்கொள்ளும். தினமும் வருகைப் பதிவேட்டைத் திரையோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

ஞானதிரவியத்துக்கு அதன் மேல் முதலிலிருந்தே சந்தேகம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் திரை கறுக்கும். அந்தக் கறுப்பில் அவர் முகம் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களின் முகம் தெரியாது. மற்ற ஆசிரியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். தாங்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

மயிலை வரைந்தவள் ஏழு பி இசக்கிப்பிரியா. வெளியே வைக்கும் படம் என்றால் கொஞ்சம் கைவைத்துக் கொடுப்பது ஞானதிரவியத்தின் முப்பத்தொரு வருஷப் பழக்கம். கழுத்தை வளைப்பார். தோகையில் கண்களை எழுதுவார். பிறகு அலகு, கால், பின்னால் ஒரு மலை. ஓவிய ஆசிரியர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த மயிலில் இசக்கிப்பிரியா போட்டது எது என்று யோசித்தார். வலது ஓரத்துப் புல் மட்டும் நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியை புஷ்பலீலாவைப் பார்க்கப் போனார். தாழ்வாரம் நேற்றைவிட நீளமாக இருந்தது. போய்ச் சேர்வதற்குள் இரண்டு பாடவேளை முடிந்துவிட்டது.

“திரைல வந்துட்டுல்லா சார். இனி நான் என்ன செய்ய?”

“அது தப்பு டீச்சர்.”

“அப்போ அந்த மயில நீங்க வரையலையா?”

வெளியே குழாய் சொட்டியது. நாற்பது சொட்டு வரை ஞானதிரவியம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் புஷ்பலீலா பதிவேட்டில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதி முடித்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் பேச்சில் ‘சார்’ இல்லை.

“நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா.”

“அப்பா இறந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு டீச்சர்.”

“அப்போ வர முடியாதுன்னு அவர் கைப்பட எழுதி வாங்கிட்டு வா.”

ஏழு பி-யில் நாற்பத்திரண்டு இடம்தான். ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். மயில் இல்லாமல் இசக்கிப்பிரியாவின் பெயருக்கு எதிரே எந்தப் படமும் இல்லை. அவளை எடுத்துவிட்டார்கள். ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால் அதில் போட்டார்கள். மறுநாள் அவள் ஆசிரியர் அறையில் கையெழுத்திட்டாள். மற்ற டீச்சர்கள் அவளுக்கு டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்து வைத்தார்கள்.

ஞானதிரவியம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் பலகையில் இடித்தது. பக்கத்துப் பையன் அவரை வெகுநேரம் பார்த்தான்.

“ஏல, மீச எல்லாம் இருக்கு. கணக்கு வராதோ?”

வராது என்றார். அது உண்மைதான்.

அவருக்கு இப்போது சந்தேகமெல்லாம் இசக்கிப்பிரியா மேல். முன்பு அவர் அவள் படத்தை வாங்கித் திருத்தும்போது அவள் பேசாமல் நிற்பாள். அது மரியாதை என்று நினைத்திருந்தார். அன்று முழுக்க யோசித்ததில் வழியும் தெரிந்தது. யார் கைவைக்கிறார்களோ அவர்கள் பெயரைத்தான் திரை போடுகிறது. தன் படத்தில் அவளைக் கைவைக்கச் செய்துவிட்டால் அவள் பெயர் வரும். அவள் பெஞ்சுக்குத் திரும்புவாள். அவர் ஆசிரியர் அறைக்குத் திரும்பலாம்.

வியாழக்கிழமை ஓவிய வகுப்பு. காகம் வரையச் சொன்னாள். அவர் காகத்தைச் சரியாக வரைந்து, காலை மட்டும் மனிதனின் முழங்கால்போல் மூட்டு முன்னால் வரும்படி மடக்கினார். அதை வரைய அவருக்குக் கை கூசியது. அப்படி ஒரு காலை அவர் தன் ஆயுளில் திருத்தாமல் விட்டதில்லை.

அவள் ஒவ்வொரு பெஞ்சாக வந்தாள். அவரிடம் வந்ததும் நின்றாள். பென்சிலை எடுத்தாள். அதன் முனை காகத்தின் காலுக்கு ஒரு விரல் உயரத்தில் வந்து நின்றது. அவர் பென்சிலைப் பார்த்தார். அவள் படத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

“தம்பி, இந்தக் கால் வேணும்னே போட்டதா?”

“இல்ல டீச்சர். எனக்கு வரல. நீங்க கொஞ்சம் போட்டுக் குடுங்க.”

“மயிலுக்கு நான் அப்படிக் கேக்கலயே.”

அவள் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பென்சில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவள் பென்சிலைத் தன் பெட்டியில் போட்டு மூடினாள். சரி என்று குறிகூடப் போடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நல்லாருக்கு. இப்படியே கொண்டு குடு.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் காகம் திரையில் வந்தது. ஞானதிரவியம், ஏழு பி. பன்னிரண்டு விநாடி ஆனது. படம் மாறவில்லை. தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகள் நின்றார்கள். புஷ்பலீலாவும் வெளியே வந்து பார்த்துவிட்டு, பதிவேட்டில் பென்சிலில் இருந்த அவர் பெயரின் மேல் மையால் எழுதினார்.

காகம் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. ஞானதிரவியம் கிட்டப் போய்க் குனிந்து, காலையே கவனித்தார். அது எங்கேயாவது இடறும் என்று திரையின் கடைசி ஓரம் வரை காத்திருந்தார். இடறவில்லை.