கிடாருக்கு அப்பா போட்ட போல்ட்டு

1

இந்தக் கதை ஒரு ஸ்குரூவிலிருந்து பிறந்தது. அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. குனிந்து எழுதும்போது குத்துகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஆர்.எஸ்.புரத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஹர்ஷிணி தன் எலக்ட்ரிக் கிடாரை எடுத்து...’

மழை இல்லை. ஹர்ஷிணி என்று யாரும் இல்லை. அவள் பெயர் மெர்சி, என் மனைவி. பெயரை மாற்றினால் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நான் ஒரு பம்ப் கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறவன். ‘எச்சரிக்கை: தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்’ என்பது என் வாக்கியம். முகம் தெரியாத எத்தனையோ பேரை எச்சரித்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒருத்தியை எச்சரிக்க முடியாமல்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

நடந்தது இது. போன மாதம் ஒத்திகையில் மெர்சியின் கிடார் தோள் வாரிலிருந்து கழன்றுகொண்டது. மூன்றரைக் கிலோ. அது தரையில் விழாமல் அவள் முட்டியைக் கொடுத்துத் தாங்கினாள். கிடாருக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி ஊதா நிறத்தில் [திருத்தம்: நீலம்தான்] வீங்கிவிட்டது.

மறுநாளே ஸ்ட்ராப் லாக் வாங்கி வந்தாள். வாரை மாட்டும் பழைய குமிழைக் கழற்றிவிட்டு இதன் குமிழைப் போட வேண்டும். வார் அதில் பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. ஆனால் குமிழை மரத்தில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு ஸ்குரூ. அதோடு வந்த ஸ்குரூ, கிடாரில் இருந்த பழைய ஓட்டைக்கு ஒல்லி. தொளதொளவென்று ஆடியது.

இந்த இடத்தில் என் அப்பா வெள்ளியங்கிரி கதைக்குள் வருகிறார்.

[இந்தப் பாத்திரம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நாற்பது வருடமாக லேத் ஓட்டுகிறவர். அன்னூர் ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் கிடாரைப் பற்றி அவர் பேசியது ஒரே வாக்கியம்: “அதைக் கொஞ்சம் ஓரமா வெக்கச் சொல்லு.” அதையும் என்னிடம்தான் சொன்னார். இப்படிப்பட்டவர் அடுத்து செய்ததை யாரும் நம்ப மாட்டார்கள். மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததை என்ன செய்வது?]

மெர்சி நொண்டி நடப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“அம்மணி, முட்டி எப்படி இருக்குது?”

“இப்பத் தேவலைங்க மாமா.”

“அந்தப் பொட்டியக் கொண்டா. பட்டறைல வெச்சு என்னன்னு பாத்துப்போட்டு வாரேன்.”

ஒரு மணி நேரம் கழித்து, கிடாரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அந்த ஒல்லி ஸ்குரூவை ஒதுக்கிவிட்டு, ஓட்டையைப் பெரிதாக்கி, பம்புக்கு வெட்டுவது போல உள்ளே புரிபுரியாக மரை வெட்டி, ஒரு போல்ட்டை முடுக்கியிருந்தார்.

“இனி யானையக் கட்டி இழுத்தாலும் வராது.”

“ரொம்பச் சந்தோசமுங்க மாமா,” என்றாள் மெர்சி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

3

இரும்பில் மரை வெட்டினால் நிற்கும். மரத்தில் வெட்டினால் நிற்பது போல நிற்கும்.*

* இந்த வாக்கியத்தைக் கம்பெனிக் கையேட்டில் போட விடமாட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன் கிடாருக்குக் கீழே மரத்தூள் கிடந்தது. போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தேன். திரும்பியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மெர்சிக்கு முதல் மேடை, ஆர்.எஸ்.புரத்தில். மூன்றாவது பாட்டில் அவள் குதிப்பாள். வீட்டில் குதித்துப் பழகும்போது ஷோகேஸ் கண்ணாடி அதிரும்.

மெர்சியிடம் சொன்னால், மாமா மனசு நோகும் என்று அதே போல்ட்டோடு மேடை ஏறிவிடுவாள். அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் வேலையில் பிசகு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் தப்பைச் சொல்வதற்கு முன் காபி குடித்தாயிற்றா என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

“ஏனுங்க, மூணு நாளா காபி குடிச்சியா, காபி குடிச்சியான்னே கேக்கறீங்க. என்னாச்சுங்க உங்களுக்கு?”

“ஒண்ணுமில்ல.”

இந்தக் கதையில் நான் பேசிய வசனம் இது ஒன்றுதான்.

4

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன், வாசகரே.

அ) போல்ட்டு தாங்குகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த நிகழ்ச்சிக்கு முன் நான் மறுபடியும் இதே கதையை எழுத வேண்டும்.

ஆ) மூன்றாவது பாட்டு. மெர்சி குதிக்கிறாள். கிடார் விழுந்து அதன் கழுத்து ஒடிகிறது. முன்வரிசையில் அப்பா. அவர் முகத்தை எழுத வேண்டிய இடம் வந்ததும் தாளைக் கிழித்துவிட்டேன். பயமாக இருந்தது.

இ) நான் சொல்லிவிடுகிறேன். “அப்பா, அந்த போல்ட்டு வந்துங்க...”

[இதற்கு மேல் வரவில்லை. ஏழு தடவை எழுதிப் பார்த்தாயிற்று.]

5

வாசகரே என்றது சும்மா ஒரு மரியாதைக்கு. இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். மெர்சி, ஒத்திகைக்குக் கிளம்பக் கிடார் உறையைத் திறந்ததும் இது உன் கையில் கிடைக்கும்.

எச்சரிக்கை: இந்தக் கிடாரைத் தோளில் மாட்டாதே. போல்ட்டைக் கழற்று. கெட்டி மரத்தில் அந்த ஓட்டைக்குச் சரியாக ஒரு குச்சி கடைந்து, மரப்பசை தடவி, இறுக்கமாக அடைக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். பிறகு ஸ்குரூவைவிட ஒல்லியாக ஓர் ஓட்டை போட்டு, ஸ்குரூவில் கொஞ்சம் சோப்பு தடவி, கையால் மெதுவாக முடுக்க வேண்டும். சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்த அந்த ஒல்லி ஸ்குரூவை இந்தத் தாளிலேயே ஒட்டியிருக்கிறேன். எல்லாம் முடிந்ததும் கிடாரை மெத்தைக்கு மேலே பிடித்து, வாரை இழுத்துப் பார்.

அந்தக் குச்சியை நூல் பிசகாமல் கடைய இந்த ரோட்டில் ஒருவரால்தான் முடியும். அவர் ஞாயிற்றுக்கிழமை போடப்போகும் வெள்ளைச் சட்டைக்கு இப்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. பசை காய நேரம் இருக்கிறது.

நான் சமையலறையில் இருக்கிறேன். மூன்று டம்ளரில் காபி ஊற்றியாயிற்று. யார் முதலில் பேசுவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டே வா.