உன் வாயைக் கேள்

வானொலிக்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "உங்க பாட்டுத் தலைப்புக்கு என்ன அர்த்தம்னு நேயர்களுக்கு நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார், கண்ணில் கொஞ்சம் குறும்போடு. ஃபெஸ்டஸ் மல்கெரின் அந்தக் குறும்பைக் கவனிக்கவில்லை. லண்டனில் பிறந்து வளர்ந்த இருபத்துநான்கு வயதுக்காரன். அம்மா பிறந்த, மேற்கு அயர்லாந்தின் கானமாரா சீமையில், ஐரிஷ் மொழி வானொலியில், அம்மாவின் மொழியைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"'ஏஷ்ட் தொ வேல்'னா 'உன் வாயைக் கேள்'னு அர்த்தம். அதாவது, உன் வாயில இருக்கிற தாய்மொழி என்ன சொல்லுதுன்னு காதுகுடுத்துக் கேளுன்னு. சின்ன வயசுல எங்கம்மா என் காதுல சொல்லுவாங்க. நம்ம சனத்தோட ஞானம் பூரா அந்த மூணு வார்த்தையில இருக்கு."

 வானொலிக்காரர், "அப்படியும் எடுத்துக்கலாம்" என்று சொல்லி இசைத்தட்டைச் சுழலவிட்டார். ஒலிவாங்கியை அணைத்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. 'வாயை மூடு'ன்னு சொல்றதுக்குத்தான் நாங்க அப்படிச் சொல்லுவோம். மாட்டுக்காரன்லேர்ந்து பாதிரியார் வரைக்கும் எல்லாரும் சொல்றதுதான். நீங்க பங்க் ராக் பாடுற ஆளுங்க, வேணும்னே வெச்ச தலைப்புன்னு நினைச்சோம். நல்ல நக்கல்னு எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சிருந்தது."

மாலை நான்கு மணி நிகழ்ச்சி அது. அந்த வட்டாரத்தில் அந்த நேரத்துக்கு வானொலி ஓடாத சமையலறையே கிடையாது. எட்டு மணிக்கு ஊர் மண்டபத்தில் கச்சேரி.

அகராதி மேல் குற்றமில்லை. 'ஏஷ்ட்' என்றால் கேள். 'தொ' என்றால் உன். 'வேல்' என்றால் வாய். இருபதாவது வயதில் லண்டன் கில்பர்ன் நூலகத்தில் உட்கார்ந்து மூன்று வார்த்தைகளையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்தான். மூன்றையும் சேர்த்து ஒரு மனிதரிடம் கேட்கத் தோன்றவில்லை. பாட்டை எழுதியதும் முதலில் அம்மாவிடம்தான் பாடிக் காட்டினான். அம்மா, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போய்விட்டாள். மனசு நெகிழ்ந்துவிட்டது போலிருக்கிறது என்று இந்த அறிவாளி நினைத்துக்கொண்டான்.

அந்தப் பாட்டுதான் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தது. கல்யாண வீட்டில் ஆடுகிற ரீல் நடன மெட்டை எடுத்து, பின்னால் நாய் துரத்துகிற வேகத்தில் அக்கார்டியனும் கிட்டாரும் டிரம்ஸும் அடிக்க, அதன் மேல் தொண்டை கிழியக் கத்துவது அவர்கள் பாணி. லண்டன், கிளாஸ்கோ, பாஸ்டன் என்று நான்கு வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் முஷ்டியை உயர்த்தி அவன் முகத்துக்கு நேரே 'வாயை மூடு, வாயை மூடு' என்று கத்தியிருக்கிறார்கள். அவன் கண்கலங்கி நின்றிருக்கிறான். போதாததற்கு வலது முன்கையில் அந்த மூன்று வார்த்தைகளையும் பச்சை மையில் குத்தி வேறு வைத்திருக்கிறான்.

பிறந்த ஊரில் அவன் வெறும் 'மிக்'. பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அயர்லாந்துக்கு வந்தாலோ, வாயைத் திறந்ததும் 'பிளாஸ்டிக் ஐரிஷ்காரன்' என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்க்காத அவனுக்கு, நானும் இந்த இனத்தான் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு பாட்டுதான். இன்றைக்கு அதுவும் சந்தி சிரித்துவிட்டது.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல் கட்டில்தான் குழுவுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பின்கதவை மறித்து நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். இருந்த ஒரே ஜன்னலையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல உன் தலை நுழையாது. தலைக்கனம் நாலு மணிக்கே எறங்கிடுச்சு, ஆனாலும் நுழையாது" என்றாள் நொரீன். அக்கார்டியன் வாசிக்கிறவள். குழு தொடங்கிய நாளிலிருந்து அவனோடு இருக்கிறாள்.

"நொரீன், இன்னைக்கு அந்தப் பாட்டு வேண்டாம்."

"போஸ்டர்ல அந்தப் பாட்டு பேர்தான்டா இருக்கு. நம்ம பேர் அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான். பாடாம எறங்கினா வண்டி டயர்ல காத்து இருக்காது."

"பாடினா சிரிப்பாங்க."

"பாடாட்டியும் சிரிப்பாங்க. பாடிட்டே வாங்கிக்க."

கதவைத் தட்டிவிட்டு அம்மா உள்ளே வந்தாள். பேபின் மல்கெரின், பதினாலு வருஷத்துக்கு அப்புறம் ஊருக்கு வந்திருந்தாள். இந்தக் கச்சேரிக்காகவே கப்பலேறி வந்து, தங்கை நாப்லா வீட்டில் தங்கியிருந்தாள். கையில் ஹாம் சாண்ட்விச் தட்டு. நொரீன் நாசூக்காக வெளியே போனாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தேடா. எப்படிச் சொல்றது?"

"கையில பச்சை குத்திக்கிட்டு வந்து நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"குத்தினது குத்தினதுதானே. சோப்பு போட்டாப் போயிடுமா?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் வேறொன்று உறைத்தது. வீட்டில் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அம்மா அதைச் சொன்னதில்லை. பஸ்ஸில் சொல்வாள். ரொட்டிக் கடை வரிசையில் சொல்வாள். அவன் கையை இறுக்கிப் பிடித்து, காதில் வாயை வைத்து, மூச்சுச் சூட்டோடு சொல்வாள். அவனுக்கு அப்போது பத்து வயது. பர்மிங்காமில் ஐரிஷ் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்து, ஐரிஷ் பேச்சுக் கேட்டாலே ஜனங்கள் முறைத்த வருஷம். அவன் அன்பு என்று நினைத்திருந்தது பயம்.

"அம்மா, பஸ்ல மட்டும்தானே சொல்லுவே? நம்ம பேச்சு வெளிய கேட்டுடக் கூடாதுன்னுதானே?"

அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசு. சித்தி வெளிய நிக்கிறா. சாப்பிடு, வெறும் வயத்துல கத்தாதே." தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. தோல் சட்டைக்காரர்களும் கம்பளித் தொப்பிக்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் நான்கு பாட்டு ஒப்பேறின. ஐந்தாவதுக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "லண்டன் தம்பி! உன் வாய் இன்னைக்கு என்ன சொல்லுது?" கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. "ஞானத்தைக் கொஞ்சம் எடுத்து விடு தம்பி!"

பார்க்கப் போனால் அது பாசமான சிரிப்புதான். அவனுக்கு அது தெரியவில்லை.  உண்மையைச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. நொரீனைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"'வாயை மூடு'ன்னு அர்த்தமாம். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் முட்டாள், ஒத்துக்கறேன்" என்றான். கைதட்டல் எழுந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா எங்கம்மா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு கேளுங்க. லண்டன் பஸ்ல நாங்க பேசறது கேட்டா அடிப்பாங்கன்னு பயந்து சொன்னாங்க. எங்கம்மா அங்க அத்தனை வருஷமும் பயந்து பயந்து—"

கைதட்டல் நின்றுபோனது. இங்கிலாந்துக்கு ஆள் அனுப்பாத வீடு அந்த ஊரில் இல்லை. மூன்றாவது வரிசையில் நாப்லா சித்தி நாற்காலியில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன சொல்றான் இவன்? அங்க ஜனங்க தங்கம்னு எழுதினியே. பதினாலு வருஷமும் அதைத்தானே எழுதினே?"

 பேபின் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தெருவில் சேலை நழுவியவள் மாதிரி ஒரு தவிப்பு.  ஃபெஸ்டஸ் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அம்மாவின் மானத்தை எடுத்து ஊர் நடுவில் போட்டுவிட்டான்.

அம்மா எழுந்து நின்றாள்.

"பயமா? எனக்கா? லண்டன்ல எனக்கென்ன பயம்? இவன் ஓயாம வாயடிப்பான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களுக்குக் காது வலிக்கும். அதான் மூடச் சொன்னேன். வேறென்ன?"

மண்டபம் மறுபடி சிரித்தது. ஆனாலும் பாதிப் பேர் மேடையைத்தான் பார்த்தார்கள். நாப்லாவும் பார்த்தாள். இல்லையென்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவனிடம் இருந்தது, சாட்சிக்கு அம்மா பஸ்ஸில் காதோடு சொன்னதெல்லாம் இருந்தது.

"ஆமா சித்தி" என்றான் ஒலிவாங்கியில். "சின்ன வயசுலேர்ந்தே நான் கொஞ்சம் கதை விடுவேன்."

சிரிப்பு இப்போது தயக்கமில்லாமல் வந்தது. நாப்லா அக்காவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நொரீன் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அக்கார்டியனை விரித்தாள். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. மண்டபம் முழுக்க முஷ்டியை உயர்த்தி 'வாயை மூடு' என்று கத்தியது.

நான்கு வருஷத்தில் முதல்முறையாக அம்மாவும் அவர்களோடு சேர்ந்து கத்தினாள்.