விசில் அடிக்காத குக்கர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, "இன்னைக்கு நான் சாசேஜ் கேசரோல் பண்றேன்" என்று ஜூட் அறிவித்ததும், அவன் அம்மா இருதயசெல்வி ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்த ஹாட்பாக்ஸை இறக்கி, தூசி துடைத்து அவன் முன்னால் வைத்தாள். சப்பாத்தி ஆறாமலிருக்க வாங்கிய டப்பா. வாங்கும்போது அட்டைப்பெட்டிமேல் கேசரோல் என்றுதான் போட்டிருந்ததாம்.

"இது இல்லம்மா. கேசரோல்னா சாப்புடறது."

"டப்பாவையா?"

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவனுக்கு, அதைத் திண்டிவனத்தில் விளக்க ஒரு சொல் அகப்படவில்லை. குழம்பு என்றால் குழம்பில்லை. கூட்டு என்றால் அம்மா சிரிப்பாள். பேசாமல் வேலையைப் பார்த்தான். பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த சாசேஜ்களை வாணலியில் புரட்டிச் சிவக்க விட்டான். வெங்காயம், கேரட், பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கு, வேகவைத்த மொச்சை, தக்காளி, இரண்டு டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் லீட்ஸிலிருந்து தூக்கிவந்த மின்சார ஸ்லோ குக்கரின் பீங்கான் சட்டியில் கொட்டிக் கண்ணாடி மூடியைப் போட்டான். மதியம் அக்கா கிளாரா விழுப்புரத்திலிருந்து புருஷனோடு சாப்பிட வருகிறாள்.

"எத்தினி விசிலு?"

"விசிலே வராதும்மா. அஞ்சு மணி நேரம் அதும்பாட்டுக்கு வேவும்."

சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதுபோல இருதயசெல்வி குக்கரைப் பார்த்தாள். பத்து நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் தூக்கினாள். தூக்கும் ஒவ்வொரு தரமும் இருபது நிமிடம் கூடும் என்றான் ஜூட். அந்தக் கணக்குப்படி சமையல் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாக்காம வெந்துச்சான்னு எப்புடிடா தெரியும்?"

"பாக்காம நம்பாத தோமையார் பரம்பரைம்மா நீ."

பதினைந்து நாளாக அவனுக்குள்ளும் விசில் வராத ஒன்று கிடந்தது. லீட்ஸில் அந்த முதியோர் இல்லத்தை இழுத்து மூடிவிட்டார்கள். வேலையோடு விசாவும் போயிற்று. வீட்டில் ஒரு மாத லீவு என்று சொல்லியிருந்தான். இறங்கிய அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்பா ஏர்போர்ட்டுக்கு ரோஜா மாலையோடு வந்திருந்தார். மாலை கழுத்தில் கிடக்கும்போது சொல்கிற விஷயமா அது? மாலை வாடட்டும் என்று காத்திருந்தான். வாடிய மாலையை அம்மா மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள்.

எட்டரை மணிக்கு அப்பா லூர்துநாதன் கோயிலிலிருந்து வந்தார். முப்பது வருடம் லைன்மேனாகக் கம்பமேறி ஓய்வு பெற்றவர். சட்டையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றார்.

"அடுத்த ஞாயிறு பூசையில வேண்டிக்கிற கருத்துல ஒம் பேரக் குடுத்துட்டேன். இங்கிலாந்து திரும்பும் ஜூட்டின் பயணம் நலமாக அமையன்னு. மைக்குல படிப்பாங்க."

ஜூட் கேரட் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

லூர்துநாதன் குக்கரிடம் வந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அவர் கண் ஒயரைப் பிடித்து சுவர்வரை போனது.

"இதுல பட்டைக் காலு பிளக்கு இல்ல இருந்துச்சு?"

"நேத்து வெட்டிட்டேன்பா. நம்மூரு உருண்டைக் கால மாட்டிட்டேன். அடாப்டர் சூடாச்சு. ஒன் கட்டிங் பிளேயர்லதான்."

"வெட்டிட்ட."

"ம்."

"லீவுல வந்தவன் எதுக்குடா வெட்டுன? திரும்பி எடுத்துக்கினு போனா அங்க எதுல சொருவுவ?"

ஜூட் பயணத்தேதி, டிக்கெட், மேனேஜர் பெயர் எல்லாவற்றுக்கும் பொய் வைத்திருந்தான். பிளக்குக்கு வைக்கவில்லை.

லூர்துநாதன் சுவிட்சை அணைத்தார். "ஐயோ, இப்பதான் கொதி வந்துச்சு" என்றாள் இருதயசெல்வி. அவர் காதில் வாங்காமல் டெஸ்டரை எடுத்துவந்து தரையில் சம்மணமிட்டார். பிளக்கைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"எர்த்த லூசா வுட்டுக்கிற. ரொம்ப நாளைக்கு ஓடணும்னா இப்புடி மாட்டக் கூடாது."

மூன்று திருகையும் இறுக்கினார். ஒருமுறை இழுத்துப் பார்த்து, இன்னும் அரைச்சுற்று இறுக்கினார். சொருகி சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு எழாமலே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கோயிலில் பூசைக் கருத்துகளை எழுதிவைக்கும் உபதேசியார் தேவசகாயத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஸ்தோத்திரம். அந்தப் பூசைக் கருத்து... ஆமா, பையனுதுதான். பேரு இருக்கட்டும். பயணம்ன்றத மட்டும் அடிச்சிருங்க. இன்னா எழுதணும்னா... கொஞ்சம் லைன்லயே இருங்க."

போனை மார்போடு அழுத்திக்கொண்டு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

இருதயசெல்வியின் கை மூடிவரை போய் அங்கேயே நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு துளி திரண்டு, கனத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.