அளக்காத வெயில்

மதியச் சாப்பாடு முடிந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வானிலை நிலையப் பதிவாளர் போன வருட நோட்டைத் திறந்தார். இதே தேதியில் முப்பத்தெட்டு புள்ளி நான்கு டிகிரி. இந்த வருட நோட்டில் முப்பத்தெட்டு புள்ளி இரண்டு என்று எழுதி மூடினார். பட்டப்படிப்பை எட்டிக்கூடப் பார்க்காத அவரை அலுவலகத்தில் 'டிகிரியார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெப்பமானி இருந்த வெள்ளை மரப்பெட்டி மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றது. முதலில் உச்சிக் கோடையில் மட்டும்தான் போகாமல் இருந்தார். "இந்த வெயில்ல எவன் போவான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தட்டிக் கேட்க ஆளில்லை. பிறகு போவதையே விட்டுவிட்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

அன்று தங்கை வந்தாள். அவளும் அவள் கணவரும் தார்ச்சாலை போடும் கூலிகள். அவர் வேலையிடத்திலேயே வெயிலில் சுருண்டு விழுந்து இறந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு கடிதம்.

"அவர் சட்டைப்பையில இருந்துச்சுண்ணே. படிச்சுச் சொல்லு."

படித்தார். மதியத்தில் வேலையை நிறுத்தக் கேட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த மனுவுக்கு, அவள் கணவர் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு அரசிடமிருந்து வந்த பதில் அது. 'கடந்த பதினோரு ஆண்டுப் பதிவுகளின்படி இவ்வூரில் வெப்பம் கூடவில்லை. வேலை நேரத்தை மாற்றத் தேவையில்லை.'

"கூடலையாமே! தார் உருகி செருப்போட ஒட்டுது. உன் நோட்டுல சரியா இருக்கும்ல? பாத்துச் சொல்லுண்ணே, மிச்சம் இருக்கறவங்க உசிராவது தப்பட்டும்."

டிகிரியார் எழுந்து மைதானத்தில் இறங்கி நடந்தார். பாதி தூரத்திலேயே கண் இருட்டியது. துருப்பிடித்த தாழ்ப்பாளை உடைத்துத்தான் பெட்டியைத் திறக்க முடிந்தது. நாற்பத்து நான்கரை.

நேரே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உலகம் சூடாகுதுன்னு ஊர் ஊரா எடுத்த கணக்கை வச்சுத்தான்யா சொல்றோம். நம்ம ஊரோட பதினோரு வருஷத்தையும் அடிச்சுட வேண்டியதுதான்."

"இனிமே ஒழுங்கா எழுதறேன் சார். அந்த ரோட்டு வேலைக்காரங்க மனுவை மட்டும் மறுபடி பாக்கச் சொல்லி..."

"எதை வச்சுப் பேசறது? ஆதாரம் கேப்பாங்க. நேத்து அடிச்ச வெயிலை இன்னைக்கு அளக்க முடியுமா?"

திரும்பி வந்து தங்கையிடம் சொன்னார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டு ஒரு பொய்ய எழுதிட்டேன்னுதானே நினைச்சே? நீ நிழல்ல உக்காந்து எழுதின ஒவ்வொரு நம்பரும் எங்களை வெயில்ல நிறுத்தியிருக்குண்ணே. கணக்குல எழுதற பொய் தாளோட போறதில்ல. யாரோ ஒருத்தர் உசிரைக் குடிச்சுட்டுத்தான் அடங்குது."

மதிய வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாலைக்குப் போனாள்.