அரைவாசி திறந்த நீரிணை

ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்வதுதான் ஸுரைனியின் பிழைப்பு. கோலாலம்பூரில் ஓர் எண்ணெய் நிறுவனம் அதற்காக அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. பழைய உலகின் வரைபடத்தைக் கணினிக்குக் கொடுத்தால், அது அந்தக் காலத்து மழையையும் நீரோட்டத்தையும் கணக்குப் போடும். எந்தக் கடலில் தண்ணீர் தேங்கி, செத்த உயிர்கள் மட்காமல் கறுப்புச் சேறாகப் படிந்திருக்கும் என்று காட்டும். அந்தச் சேறு இறுகிய பாறையிலிருந்துதான் எண்ணெய் ஊறும்.

வரைபடம் வரைபவர்கள் இருவர், டாக்டர் சியாவும் டாக்டர் ருஸ்லானும். நிறுவனம் வாங்க நினைத்த கடல் துண்டுக்கு வாசல்போல ஒரு நீரிணை இருந்தது. அது மூடிக் கிடந்தது, அங்கே உப்புப் படிவம் இருக்கிறது என்பார் சியா. திறந்துதான் இருந்தது, இரண்டு கரையிலும் ஒரே சிப்பி கிடைக்கிறது என்பார் ருஸ்லான். பதினோரு வருடமாக ஒருவர் உட்கார்ந்த மேசையில் மற்றவர் தே தாரிக் டீ குடித்ததில்லை.

இயக்குநர் டத்தோ பஹாருடின் கூட்டம் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"நமக்குள்ள சண்டை எதுக்கு? கலந்து பேசி முடிக்கறதுதான் நம்ம பண்பாடு. நீரிணை அரைவாசி தொறந்திருந்துச்சுன்னு வெச்சுக்குவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தின்னக் கறி பாப் வந்தது.

"டத்தோ," என்றாள் ஸுரைனி. "கம்ப்யூட்டர்ல அந்த எடம் ஒரே ஒரு கட்டம். நெலம்னா நெலம், கடல்னா கடல். அரைன்னு ஒண்ணு கெடையாது."

"அதெல்லாம் டெக்னிக்கல் லா. நீ பாத்துக்க."

ஒரு முறை ஓட்டி முடிக்கக் கணினிக்கு மூன்று வாரம் பிடிக்கும். நிர்வாகக் குழுக் கூட்டம் அடுத்த மாதம். ஆகவே ஒரே ஓட்டம்தான். அவளுடைய ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் டத்தோ. அவரோ, அங்கே எண்ணெய் உண்டு என்று கோல்ஃப் மைதானம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நிலம் என்று போட்டால் தண்ணீர் தேங்கும், எண்ணெய் உண்டு, வேலையும் உண்டு. கடல் என்று போட்டால் இரண்டும் இல்லை.

சியாவிடம் போனாள்.

"நெலம்னு போட்டுடவா டாக்டர்? முடிவு பண்ணினவர் பேரு போடணும். உங்க பேரப் போடறேன்."

"என் பேரா?" சியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்களே. அதுக்கு மேல நான் யாரு லா?"

ருஸ்லானிடம் போனாள்.

"தொறந்துதான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா எழுத்துல வேணாம்."

"பதினோரு வருஷமா சத்தம் போட்டீங்களே டாக்டர்."

"சத்தம் போடறதுக்குக் கையெழுத்து வேணாமே."

திரும்பி வந்து இருவரின் ஆதாரங்களையும் உட்கார்ந்து படித்தாள். உப்பு பிந்தைய காலத்திலும் படிந்திருக்கலாம். சிப்பி மலையேறி அந்தக் கரைக்குப் போயிருக்க முடியாது. கடல் என்று போட்டாள். தன் பெயரையும் போட்டாள்.

நிர்வாகக் குழுவின் திரையில் அந்தக் கடல் துண்டு சுத்தமாக, ஓடுகிற தண்ணீராக, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாமல் தெரிந்தது. டத்தோவின் முகத்தில்தான் கொஞ்சம் கறுப்பு.

"அப்ப வாங்க வேணாமா?" என்றார் தலைவர் டான் ஸ்ரீ.

"வேணாம் டான் ஸ்ரீ."

"அந்த நீரிணை தொறந்திருந்துச்சுன்னு முடிவு பண்ணினது யாரு?"

சியா கூரையைப் பார்த்தார். ருஸ்லான் காலணியைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் ஸுரைனி.

அந்த அறையில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. டான் ஸ்ரீ தன் தாளில் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, "சரி, விட்டுடுங்க," என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ஸுரைனி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது டத்தோ வந்தார். ஒப்பந்தத் தாளை எடுத்து, நின்றபடியே கையெழுத்திட்டார்.

"டத்தோ, நான் எண்ணெய் இல்லன்னுதானே சொன்னேன்?"

"அது தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "நீ போயிட்டா அடுத்த தடவ 'நான்தான்'னு யாரு சொல்றது? நானா?"

அன்று மாலைக்குள் சியா, வரைபடத்தில் முடிவாகாத ஒரு வளைகுடாவோடும் ருஸ்லான் அதேபோல ஒரு மலைத்தொடரோடும் தனித்தனியாக அவள் அறைக்கு வந்து போனார்கள். முடிவை அவளே எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தான் வந்ததை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்றும்தான்.