எறும்பு செத்த பால்

சேலம், 14–8–1938

தங்கை பெருமாயிக்கு அண்ணன் அர்த்தனாரி எழுதுவது. வாத்தியாரிடம் கொடுத்து, உன் மாமியார் காதிலும் விழும்படி இதை இரண்டு தரம் படிக்கச் சொல்.

குழந்தை போன செய்தியை மாப்பிள்ளை மலைக்கு வந்து சொல்லியிருப்பார். இங்கே ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நான் எழுதுகிறேன்.

பால் குடிக்கும்போதெல்லாம் அவன் வேர்த்து வேர்த்து அழுதானே, அதற்குக் காரணம் தெரிய வேண்டுமென்று, உயிர் போன பிறகு மாப்பிள்ளை சம்மதத்தோடு நெஞ்சைத் திறந்து பார்த்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற குழாய் ஒன்று கருவிலேயே இடம் மாறி முளைத்திருந்ததாம். பால் உறிஞ்சுகிற சிரமத்தைக்கூட அந்த இருதயம் தாங்கவில்லை.

"தாய்ப்பால்ல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டேன்.

"யாரய்யா அப்படிச் சொன்னது? பால் என்ன பண்ணும்?" என்றார்.

சொன்னது நான்தான். நல்ல பாலென்றால் எறும்பு நீந்திக் கரையேறும் என்பார்களே, அதை நம்பி உன் பாலைக் கொட்டாங்குச்சியில் பிடித்து எறும்பை விட்டதும் நான்தான். எறும்பு செத்தது. "விசப் பாலு, இனிக் குடுக்காதே" என்று உன் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஆட்டுப்பாலுக்கும் அவன் அப்படியேதான் வேர்த்தான். பார்த்தும் நான் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கும் உன்னைக் கூட்டி வரவில்லை.

நேற்று ஒரு டம்ளர் தண்ணீரில் எறும்பை விட்டுப் பார்த்தேன். அதுவும் செத்தது, கண்ணு.

அவன் எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். ஆனாலும் கடைசிப் பத்தொன்பது நாளும் உன் மடியில் கிடந்து குடித்திருப்பான். நீ பலாமரத்தடியில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தாய்.